எத்தனை நெல் ரகம் இருக்கு? எண்ணக் கற்றுக்கொண்ட 100 வருடக் கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்னக் கேள்வியில் ஆரம்பிக்குது. உங்க ரெண்டு கையிலும் ரெண்டு பிடி நெல் இருக்குன்னு வைச்சுக்கோங்க. ரெண்டும் வேற வேற ரகமா, இல்ல ஒண்ணேதானா? எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

பெயரைக் கேட்டால் போச்சுன்னு தோணும். ஆனா நெல் விஷயத்தில் பெயரை நம்ப முடியாது. ஒரே நெல்லுக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கும். ஒரே பெயரில் ரெண்டு மாவட்டத்தில் ரெண்டு வேற நெல் விளையும். நம்மில் டேட்டாபேஸ் பக்கம் வேலை பார்க்கிறவங்களுக்கு உடனே புரியும்: பெயரை பிரைமரி கீ ஆக வைக்க முடியாது.

இது வெறும் விளையாட்டுக் கேள்வி இல்லை. பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸ் என்ற ஊரில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதன் மரபணு வங்கியில் 1,30,000-க்கும் அதிகமான நெல் மாதிரிகளைக் குளிரறையில் பாதுகாக்கிறார்கள். விதை என்றைக்கும் உயிரோடு இருக்காது. அவ்வப்போது எடுத்து விதைத்து, அறுத்து, புது விதையைத் திரும்ப வைக்க வேண்டும். ஆளும் பணமும் நிலமும் எப்போதும் பற்றாக்குறைதான். அப்போ எதை முதலில் காப்பாத்துவீங்க? இந்த 1,30,000-ல் எது இன்னொண்ணோட நகல்? எது போனால் திரும்பக் கிடைக்காது?

இதுக்குப் பதில் சொல்ல வித்தியாசத்தை அளக்கத் தெரியணும். நெல்லில் அந்த அளவுகோலைச் செய்ய சுமார் 100 வருஷம் ஆச்சு. ஒவ்வொரு அளவுகோலும் முந்தையது பார்க்காத ஒண்ணைக் காட்டிச்சு. கூடவே, தன் பங்குக்கு ஒண்ணை மறைக்கவும் செய்துச்சு. அந்தக் கதைதான் இன்னைக்கு.

கண்ணும் பதரும்

முதல் அளவுகோல் கண். 1912-ல் கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது அங்கே இருந்த முக்கியமான கருவி அதுதான். பயிர் எவ்வளவு உயரம், எத்தனை நாளில் கதிர் வருது, மணி நீளமா குட்டையா, உமி என்ன நிறம், நுனியில் மீசை இருக்கா. இப்படி ஒவ்வொரு ரகத்துக்கும் குறிப்பு எழுதுவார்கள்.

கண்ணைக் குறைச்சு மதிப்பிட வேண்டாம். கோணாமணி என்ற ரகம் விளைந்த வயலில் கொஞ்சம் வித்தியாசமாகத் தெரிந்த செடியைத் தனியே பிரித்து வளர்த்து, 1921-ல் ஒரு புது ரகம் எடுத்தார்கள். ஜிஇபி 24 என்று பெயர். அப்போது அங்கே இருந்த அரசுப் பதவியின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகள் அவை. நமக்குக் கிச்சிலிச் சம்பா என்று சொன்னால் சட்டென்று தெரியும். இந்தப் பெயரை ஞாபகம் வைச்சுக்கோங்க, பின்னால் வரும்.

ஆனால் கண்ணுக்கு ஒரு சிக்கல் உண்டு. உயரமும் மணியும் மரபால் மட்டும் தீர்மானமாவதில்லை. உரம் போட்டால் பயிர் வளரும், தண்ணீர் குறைந்தால் சுருங்கும். ஒரே விதையை ரெண்டு வயலில் போட்டால் ரெண்டு ரகம் மாதிரி தெரியலாம். இன்னொரு சிக்கல், மரபில் ரொம்பத் தூரத்தில் இருக்கும் ரெண்டு நெல் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கலாம்.

1928-ல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் ஷிகெமோத்தோ கதோவும் அவருடன் வேலை செய்தவர்களும் வேற வழியை எடுத்தார்கள். மணியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ரெண்டு ரகங்களை ஒன்றோடொன்று கலந்தார்கள். அந்தக் கலப்பில் பிறந்த செடியில் எத்தனை மணி நிரம்பியது, எத்தனை பதராகப் போனது என்று எண்ணினார்கள். நெருங்கிய உறவு என்றால் கதிர் நிறைய மணி. தூரத்து உறவு என்றால் பாதிக்கு மேல் பதர்கூட ஆகும். பதரை எண்ணி உறவை அளக்கிறதுங்கிறது, யோசிச்சுப் பார்த்தா, ரொம்ப அழகான ஐடியா.

இந்தச் சோதனையில் ஆசியாவின் நெல் ரெண்டு பெரிய பெட்டிகளாகப் பிரிந்தது. அவற்றுக்கு வைத்த பெயர்கள் இண்டிகா, ஜபோனிகா. சீன விவசாயிகள் இதே பிரிவை ஷியான், கெங் என்ற பெயர்களில் பல நூற்றாண்டுகளாகவே சொல்லிவந்தார்கள். கதோவின் குழு அதற்கு ஒரு சோதனையையும் எண்ணையும் கொடுத்தது.

ஆனா ரெண்டே பெட்டி. இந்தியா, வங்கம், இலங்கை, தென்கிழக்கு ஆசியான்னு இருந்த ஏகப்பட்ட நெல்லும் பெரும்பாலும் இண்டிகா என்ற ஒரே பெட்டிக்குள் போய்விட்டது. அதுக்குள்ளே என்ன இருக்குன்னு பிரிச்சுப் பார்க்க அடுத்த 50 வருஷத்துக்கும் மேல ஆச்சு.

குட்டை நெல்லும் ஒரே ஒரு காட்டு நெல்லும்

நடுவில் ஒரு அவசரம் வந்தது. 1966-ல் லாஸ் பானோஸ் நிலையம் ஐஆர்8 என்ற ரகத்தை வெளியிட்டது. இந்தோனேசியாவின் பேத்தா என்ற உயரமான நெல்லும், தைவானின் டீ-ஜியோ-வூ-ஜென் என்ற குட்டை நெல்லும் சேர்ந்த கலப்பு. உரம் போட்டாலும் சாயாமல் நின்று விளைச்சல் கொடுத்தது. அந்தக் குட்டைத்தனத்துக்குக் காரணம் பல வருஷம் கழித்து 2002-ல்தான் தெரிந்தது: வளர்ச்சி ஹார்மோன் தயாரிக்கும் ஒரு மரபணுவில் 383 எழுத்துகள் அழிந்து போயிருந்தன. கோடில் 383 எழுத்தை டிலீட் பண்ணிட்டு, அதை ஆசியா முழுக்க டிப்ளாய் பண்ணின மாதிரி.

விளைச்சல் ஏறியது. ஆனால் பல்லாயிரம் நாட்டு ரகங்கள் நின்ற வயல்களில் கொஞ்சப் புது ரகங்களும் அவற்றின் வாரிசுகளும் வந்து நின்றன. 1970-களில் புகையான் பூச்சி கூட்டம் கூட்டமாக வந்தது. அந்தப் பூச்சி ஒரு வைரஸ் நோயையும் சுமந்து வந்தது. நெற்பயிரைப் புல் மாதிரி அடர்ந்து குட்டையாக நிறுத்திவிடும் நோய் அது. கதிர் சரியாக வராது.

இதற்கு எதிர்ப்புச் சக்தி எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்கள். மரபணு வங்கியில் இருந்து 6,000-க்கும் அதிகமான மாதிரிகளைச் சோதித்தார்கள். வலுவான எதிர்ப்பு கிடைத்தது ஒரே ஒரு மாதிரியில். அது பயிரிடப்படும் நெல்கூட இல்லை. உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல். வயல் ஓரத்தில் களை மாதிரி வளர்வது. அதைக் கலந்துதான் 1976-ல் ஐஆர்36 வந்தது. 1980-களில் அது சுமார் 1.1 கோடி ஹெக்டேரில் விளைந்தது. உலகத்தில் எந்த உணவுப் பயிரிலும் ஒரே ரகம் அவ்வளவு பரப்பில் விளைந்தது அதற்கு முன்னால் இல்லை.

இந்த ஐஆர்36-ன் வம்சாவளியில் நம்ம ஊர் நெல்லும் இருக்கு. திருவள்ளூர் பக்கம் திரூர்குப்பத்தில் உருவான டிகேஎம் 6 அதன் முன்னோர்களில் ஒன்று. அந்த டிகேஎம் 6-ன் பெற்றோரில் ஒன்றுதான், ஞாபகம் வைச்சுக்கச் சொன்னேனே, ஜிஇபி 24.

இங்கே ஒரு முரண் இருக்கு, கவனிங்க. ஐஆர்36-க்கு உள்ளே 6 நாடுகளைச் சேர்ந்த 13 முன்னோர்கள் இருக்கிறார்கள். பரம்பரையைப் பார்த்தால் பயங்கரமான பன்மை. வயலைப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே செடி. அப்போ இங்கே பன்மை அதிகமா, குறைவா? கண்ணாலும் பதராலும் இதுக்குப் பதில் சொல்ல முடியாது. எண் தேவைப்பட்டது.

ஜெல்லில் ஓடிய நொதிகள்

அடுத்த அளவுகோல் நொதி. செடியின் உடம்பில் ஒரே வேலையைச் செய்யும் நொதி, ரகத்துக்கு ரகம் கொஞ்சம் மாறின வடிவத்தில் இருக்கும். வேலை அதே, ஆனால் மின்னூட்டம் கொஞ்சம் வேற. இளம் நாற்றை நசுக்கிச் சாறெடுத்து, ஒரு ஜெல் தகட்டில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால், ஒவ்வொரு வடிவமும் ஒவ்வொரு தூரம் ஓடும். சாயம் போட்டால் கோடு தெரியும். உரம் போட்டீங்களா, தண்ணி விட்டீங்களா என்பதெல்லாம் இந்தக் கோட்டின் இடத்தை மாற்றாது. கண்ணுக்கு இருந்த பெரிய சிக்கல் இங்கே இல்லை.

ழான்-கிறிஸ்டோஃப் கிளாஸ்மான் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் ஆசியாவின் 1,688 பாரம்பரிய ரகங்களை இப்படிச் சோதித்து 1987-ல் முடிவை வெளியிட்டார். பார்த்தது 15 மரபணு இடங்களை மட்டும். ரெண்டு பெட்டி ஆறு குழுவானது.

ரெண்டு ஆச்சரியம் வந்தது. முதலாவது பாஸ்மதி. ஒல்லியான நீள மணி. பார்க்கிற யாரும் இண்டிகா பக்கம்தான் வைப்பாங்க. நொதிகளோ அதைத் தனிக் குழுவாகக் காட்டின. பிறகு வந்த டிஎன்ஏ ஆய்வுகள், பாஸ்மதியின் குழு ஜபோனிகாவுக்கு நெருக்கமான உறவு என்று சொல்லிவிட்டன. பிரியாணித் தட்டில் இருக்கும் அந்த நீள அரிசி, மரபில் பொன்னியைவிட ஜப்பானின் குண்டு அரிசிக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

ரெண்டாவது ஆச்சரியம் ஆவுஸ். வங்கத்தில் இது ஒரு பருவத்தின் பெயர். நம்ம டெல்டாவில் குறுவை, சம்பா, தாளடின்னு சொல்ற மாதிரி அங்கே ஆவுஸ், ஆமன், போரோ. ஆவுஸ் கோடை முடியும்போது விதைக்கும் குறுகிய காலப் பயிர். மழை தாமதமானாலும் தாங்கும், மேட்டு நிலத்திலும் வரும். இந்த நெல் இண்டிகா பெட்டிக்குள் ஓரமாக இருந்தது. நொதிகள் அதைத் தனிக் குழுவாகப் பிரித்தன. இந்தக் குழுவில் இருக்கிற எல்லா நெல்லும் ஆவுஸ் பருவத்தில் விதைக்கப்படுவதில்லை. ஆனாலும் குழுவுக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

டிஎன்ஏ-வை எப்படிப் படிக்கிறாங்க?

நொதியில் பார்க்க முடிந்த இடங்கள் ரொம்பக் கொஞ்சம். நெல்லின் மரபணுத்தொகுதி சுமார் 39 கோடி எழுத்து நீளம், 12 குரோமோசோம்கள். அதில் 15 இடத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்வது, பெரிய நூலகத்தில் 15 வரியைப் படிச்சிட்டு விமர்சனம் எழுதுற மாதிரி. அதனால் நேராக டிஎன்ஏ-விடமே போனார்கள்.

1988-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சூசன் மெக்கௌச்சும் உடனிருந்தவர்களும் நெல்லின் முதல் மூலக்கூறு வரைபடத்தை வெளியிட்டார்கள். 135 குறிப்பான்கள். குறிப்பான் என்றால் மைல்கல் மாதிரி. டிஎன்ஏ-வில் ஒரு குறிப்பிட்ட இடம். ரகத்துக்கு ரகம் அங்கே வித்தியாசம் இருக்கும், அதை நம்மால் பார்க்க முடியும். அந்த முதல் முறை மெதுவானது. நிறைய டிஎன்ஏ வேணும், கதிரியக்கப் பொருள் வேணும், ஒரு சோதனைக்கே நாள்கணக்கில் ஆகும்.

பிறகு பிசிஆர் வந்தது. டிஎன்ஏ-வின் ஒரு சின்னத் துண்டைச் சில மணி நேரத்தில் கோடிக்கணக்கான நகல்கள் ஆக்கும் முறை. அதன் மேல் உட்கார்ந்ததுதான் மைக்ரோசாட்டிலைட் என்ற குறிப்பான். இதுதான் இன்னைக்கு எபிசோடின் ஹீரோ, கொஞ்சம் விளக்கிடறேன்.

டிஎன்ஏ-வில் சில இடங்களில் ரெண்டு மூணு எழுத்து திக்குவாய் மாதிரி திரும்பத் திரும்ப வரும். ஜிஏ ஜிஏ ஜிஏ ஜிஏ. செல் நகலெடுக்கும்போது இந்த மாதிரி இடத்தில்தான் எண்ணிக்கை தவறும். அதனால் ஒரு ரகத்தில் 12 தடவை இருப்பது இன்னொண்ணில் 17 தடவை இருக்கும். ஒவ்வொரு தடவைக்கும் 2 எழுத்து, ஆக 10 எழுத்து நீள வித்தியாசம். இலையில் இருந்து டிஎன்ஏ எடுத்து, அந்த இடத்தை மட்டும் பிசிஆரில் பெருக்கி, ஜெல்லில் ஓட விட்டால் குட்டைத் துண்டு வேகமாக ஓடும், நீளமானது பின்தங்கும். ரெண்டு கோடும் ரெண்டு உயரத்தில் நிற்கும். அவ்வளவுதான். சாதாரணக் கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே செய்யலாம். அதனால்தான் இந்த முறை கார்னெலோடு நிற்காமல் கோயம்புத்தூர், கட்டாக், டாக்கா என்று எல்லா இடத்துக்கும் போனது. 2002-ல் ஒரே ஆய்வுக் கட்டுரையில் நெல்லுக்கு 2,240 புது மைக்ரோசாட்டிலைட் குறிப்பான்கள் வெளிவந்தன.

வித்தியாசத்துக்கு ஒரு எண்

கோடுகள் வந்தாச்சு. பன்மையை எப்படி எண்ணாக மாற்றுவது? மசதோஷி நெய் என்ற மரபியலாளர் 1973-ல் ஒரு எளிய வழி கொடுத்தார். ஒரு கூட்டத்திலிருந்து குருட்டாம்போக்கில் ரெண்டு தடவை எடுத்தால், ரெண்டும் வேறாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? அந்த வாய்ப்புதான் பன்மையின் அளவு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 ரகம் இருக்கு. ஒரு குறிப்பான் இடத்தில் 9 ரகத்தில் ஒரே நீளம், 1-ல் மட்டும் வேற. 0.9-ஐ வர்க்கம் போட்டால் 0.81, 0.1-ஐ வர்க்கம் போட்டால் 0.01. கூட்டினால் 0.82. அதை 1-லிருந்து கழித்தால் 0.18. இப்போ 5 ரகத்தில் ஒரு நீளம், 5-ல் இன்னொரு நீளம் என்றால் 0.5. ஐந்து விதமான நீளம், ஒவ்வொண்ணும் 2 ரகத்தில் என்றால் 0.8. எல்லாமே ஒரே நீளம் என்றால் 0.

மூணு நிலையிலும் ரகங்களின் எண்ணிக்கை 10-தான். பன்மை 0.18-லிருந்து 0.8 வரை மாறுது. "எங்ககிட்ட 10 ரகம் இருக்கு" என்ற வாக்கியம் பன்மையைப் பற்றி கிட்டத்தட்ட ஒண்ணுமே சொல்லலை, பார்த்தீங்களா? 100 பெயர் இருக்கும் ஒரு சேகரிப்பு ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகளாக இருக்கலாம். 20 பெயர் மட்டும் இருக்கும் இன்னொரு சேகரிப்பு ஆசியாவையே உள்ளடக்கி இருக்கலாம்.

2005-ல் மெக்கௌச்சின் குழு உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 234 ரகங்களை 169 மைக்ரோசாட்டிலைட் இடங்களில் படித்தது. தெளிவாக ஐந்து குழுக்கள் கிடைத்தன: இண்டிகா, ஆவுஸ், பாஸ்மதி அடங்கிய மணமுள்ள நெல், மிதவெப்ப ஜபோனிகா, வெப்பமண்டல ஜபோனிகா. இன்றும் ஆராய்ச்சியாளர்கள் பேசும் அடிப்படைப் பிரிவு கிட்டத்தட்ட இதுதான்.

வரைபடத்தில் இல்லாத மரபணு

அதே 2005-ல் இன்னொரு பெரிய சம்பவம். 10 நாடுகள் சேர்ந்து நெல்லின் முழு மரபணுத்தொகுதியை எழுத்து எழுத்தாகப் படித்து முடித்தன. இந்தியாவின் பங்கு 11-ஆம் குரோமோசோமில். படித்தது ஒரே ஒரு ரகத்தை: நிப்பொன்பாரே என்ற ஜப்பானிய ஜபோனிகா. அதுதான் ரெஃபரன்ஸ். அதற்குப் பிறகு எந்த நெல்லைப் படித்தாலும் அதோடு ஒப்பிட்டு "இங்கே வித்தியாசம், அங்கே வித்தியாசம்" என்று குறிப்பார்கள்.

இப்போ ஆவுஸுக்குத் திரும்பிப் போவோம். ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்ஆர் 13ஏ என்ற ரகம், மரபில் ஆவுஸ் குழுவைச் சேர்ந்தது. அதன் குணம் விசித்திரம். வெள்ளத்தில் சுமார் இரண்டு வாரம் முழுக்க மூழ்கிக் கிடந்தாலும் சாகாது. மற்ற நெல் மூழ்கினால் மூச்சு முட்டி மேலே வளரப் பார்த்து, இருக்கிற சக்தியை எல்லாம் செலவழித்துச் செத்துவிடும். இது வளர்ச்சியை நிறுத்தி, சக்தியைச் சேமித்து, தண்ணீர் வடிந்ததும் திரும்பத் துளிர்க்கும். லேப்டாப்பை ஸ்லீப் மோடில் போடுற மாதிரி.

இந்தக் குணத்தை நல்ல ரகங்களுக்குக் கொண்டுவர முன்பே முயற்சிகள் நடந்தன. ஆனால் கலக்கும்போது எஃப்ஆர் 13ஏ-வின் வேண்டாத குணங்களும் கூடவே வந்துவிட்டன. 1996-ல் குறிப்பான்களின் உதவியால் அந்தக் குணம் 9-ஆம் குரோமோசோமில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 2006-ல் மரபணுவே கையில் கிடைத்தது: சப்1ஏ. ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றின் டிஎன்ஏ-வைப் பார்த்து, சப்1 இருக்கும், மற்றதெல்லாம் ஸ்வர்ணாவாக இருக்கும் நாற்றை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். ஆந்திராவில் பிறந்து கிழக்கிந்தியாவில் பரவலாக விளையும் ஸ்வர்ணா இப்படி வெள்ளம் தாங்கும் ஸ்வர்ணா-சப்1 ஆகி, 2009-ல் இந்தியாவில் வெளியானது. நம்ம காவிரி டெல்டாவில் விதைக்கிற சிஆர் 1009 சப்1-ம் இதே வழியில் வந்ததுதான். சம்பா பயிர் ஐப்பசி கார்த்திகை மழையில் மூழ்குவது அங்கே எத்தனை பெரிய விஷயம்னு உங்களுக்கே தெரியும்.

இப்போ முக்கியமான இடம். நிப்பொன்பாரேயின் மரபணுத்தொகுதியில் சப்1ஏ கிடையாது. வேற வடிவத்தில் இருக்குன்னு இல்லை, அந்த மரபணுவே அங்கே இல்லை.

தற்செயல்னு நினைச்சா, 2012-ல் இன்னொண்ணு வந்தது. பாஸ்பரஸ் குறைந்த மண்ணிலும் வேரைப் பரப்பி நன்றாக வளர வைக்கும் பிஎஸ்டிஓஎல்1 என்ற மரபணு. கிடைத்தது கசலத் என்ற நெல்லில். அதுவும் ஆவுஸ் குழுதான். அதுவும் நிப்பொன்பாரேயில் இல்லை. கசலத்தின் டிஎன்ஏ-வைத் தனியாகப் படித்தபோதுதான் அது கண்ணில் பட்டது.

சாஃப்ட்வேரில் இது அடிக்கடி நடக்கும். ஸ்கீமாவில் இல்லாத ஃபீல்ட் வந்தால் பார்சர் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். எரர் வராது. ரிப்போர்ட் சுத்தமா இருக்கும். அந்த ஃபீல்டில்தான் முக்கியமான தகவல் இருந்திருக்கும். நெல்லில் ரெஃபரன்ஸாக ஒரே ரகத்தை வைத்தபோது, அதில் இல்லாத மரபணுவைத் தாங்கிய துண்டுகள் "பொருந்தவில்லை" என்று ஒதுங்கின.

இதை உணர்ந்துதான் அளவுகோல் திரும்பவும் மாறியது. 89 நாடுகளைச் சேர்ந்த சுமார் 3,000 ரகங்களின் டிஎன்ஏ-வைச் சீனாவின் ஆய்வு நிலையங்களும் லாஸ் பானோஸ் நிலையமும் சேர்ந்து படித்தன. 2018-ல் 3,010 நெல்களின் முடிவு வெளியானது. ஓரெழுத்து வித்தியாசங்கள் மட்டும் 2.9 கோடி. அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றும் எண் வேற: அதுவரை தெரியாத 10,000-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் அந்த ரகங்களில் கிடைத்தன. ஒரு நெல்லைப் படித்துவிட்டு நெல்லைப் படித்தோம் என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லணும். மைக்ரோசாட்டிலைட்டால் சப்1ஏ-வை அதுவாகவே கண்டுபிடித்திருக்க முடியாது. அந்தத் திக்குவாய் இடங்களில் பெரும்பாலானவை பயிரின் குணத்துக்கு நேரடிச் சம்பந்தம் இல்லாதவை. "இந்தக் குழு தனி, இங்கே தேடுங்க" என்று மட்டும் அது சொல்லும். எஃப்ஆர் 13ஏ வெள்ளம் தாங்கும் என்று தெரிந்தது ஒடிசா விவசாயிகள் அந்த நெல்லை வெள்ளக்காட்டில் விதைத்து வந்ததாலும், யாரோ நாற்றைத் தொட்டியில் மூழ்க வைத்துப் பொறுமையாக எண்ணியதாலும்தான். குறிப்பான் தேட வேண்டிய இடத்தைக் காட்டும். அங்கே என்ன இருக்கு என்பதை வயல்தான் சொல்லும்.

நம்ம ஊர் நெல்லை எப்படி எண்ணுவது?

இப்போ சென்னையிலும் கோவையிலும் ஆர்கானிக் கடைக்குப் போனால் மாப்பிள்ளை சம்பா, கருப்பு கவுனி, தூயமல்லி, பூங்கார், காட்டுயானம் எல்லாம் பாக்கெட்டில் இருக்கு. சாதாரண அரிசியைவிட விலை அதிகம். உள்ளே இருப்பது பெயருக்கு உரிய நெல்தானா என்ற கேள்வி இயல்பாகவே வரும்.

பாஸ்மதிக்கு இந்தக் கேள்வி ஏற்கெனவே வந்தது. 2000-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு கடைகளில் விற்ற பாஸ்மதி பாக்கெட்டுகளை மைக்ரோசாட்டிலைட் முறையில் சோதித்து, வேறு அரிசி கலந்திருப்பதைக் கண்டுபிடித்தது. ஹைதராபாத்தில் இருக்கும் டிஎன்ஏ ஆய்வு மையமும் ஏற்றுமதிக்காக அப்படி ஒரு சோதனை முறையை உருவாக்கியது.

மாப்பிள்ளை சம்பாவுக்கும் செய்யலாமே? செய்யலாம், ஒரு நிபந்தனையோட. நாட்டு ரகம் என்பது ஒரே டிஎன்ஏ உள்ள செடிகளின் கூட்டம் இல்லை. ஐஆர்36 மாதிரியான ஆராய்ச்சி நிலைய ரகத்தில் ஒரு செடியைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி. நாட்டு நெல் வயலில் செடிக்குச் செடி கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். மழை பொய்த்த வருஷம் அதில் சில செடி நிற்கும், வெள்ள வருஷம் வேற சில செடி நிற்கும். அந்தக் கலவைதான் அதன் காப்பீடு. ஒரே செடியின் ஒரே இலையை எடுத்து "இதுதான் அசல் மாப்பிள்ளை சம்பா" என்று முத்திரை குத்தினால், அதிலிருந்து விலகிய செடிகள் எல்லாம் போலி ஆகிவிடும். நிப்பொன்பாரே விஷயத்தில் நடந்ததே இங்கேயும் நடக்கும். பல ஊர்களில், ஒவ்வொரு ஊரிலும் பல செடிகளில் எடுத்துப் பார்த்தால்தான் ரகத்தின் எல்லை தெரியும்.

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் ராமையா பெயரில் ஒரு மரபணு வங்கி இருக்கிறது. இந்திய நெல் மரபியலின் முன்னோடிகளில் ஒருவர் அவர். அங்கே விதை குளிரில் தூங்குகிறது. இன்னொரு பக்கம், 2018-ல் மறைந்த நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, ஒரு விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுப்பார், அடுத்த வருஷம் 4 கிலோ திரும்ப வாங்குவார். அப்படி 170-க்கும் அதிகமான ரகங்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அந்த விதை தூங்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் வெயிலையும் உப்பையும் வெள்ளத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

அந்த 170-ல் மரபில் எத்தனை தனி? எது எதோட நெருங்கிய சொந்தம்? எது வேற எங்கேயும் இல்லாதது? இதுக்குக் குறிப்பான்கள் பதில் சொல்லும். சொல்லணும், ஏன்னா கைவசம் இருக்கும் பணத்தை எங்கே முதலில் செலவழிப்பது என்று முடிவு பண்ண அது வேணும். ஆனா அந்தப் பட்டியலில் கடைசி இடம் வாங்கின நெல்லை விட்டுடலாம்னு யாராவது சொன்னால், 1987 வரை ஆவுஸ் எந்தப் பெட்டியில் கிடந்தது என்று அவர்களிடம் கேளுங்க. அப்போ இருந்த அளவுகோல்படி அது இன்னொரு இண்டிகா. அதை யாரும் அளக்காத காலத்திலும் வங்கத்திலும் ஒடிசாவிலும் விவசாயிகள் விதைத்துக்கொண்டே இருந்தார்கள். அதனால்தான் இன்னைக்கு அதன் மரபணு திருவாரூர் வயலில் தண்ணீருக்கு அடியில் பயிரைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறது.

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட, அவங்க ஊரில் அந்தக் காலத்தில் என்னென்ன நெல் போட்டாங்கன்னு கேட்டு, அந்தப் பெயர்களை எங்களுக்கு எழுதி அனுப்புங்க. எந்த ஊர், எந்தப் பருவம், மேட்டு நிலமா பள்ளமான்னும் சேர்த்து எழுதுங்க. பெயர் மட்டும் போதாதுன்னு இப்போ உங்களுக்கே தெரியும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.